பதினேழாம் கேள்வியும் நாலாம் கேட் அம்மனும்

எங்கள் துறையில் எம்.ஏ. சேரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள், "மேடம், ஃபீல்டுக்கு எப்போ போவோம்?" என்று. சமயம், பண்பாடு, சமூகம் என்று பெயர் வைத்த படிப்பு இது. வகுப்பில் உட்கார்ந்தால் கொட்டாவிதான் வரும், வெளியே போனால்தான் சுவாரசியம் என்று யாரோ சொல்லி அனுப்பியிருப்பார்கள். நானும் அப்படித்தான் வந்து சேர்ந்தேன். இப்போது 'ஃபீல்ட் ஒர்க் ஒருங்கிணைப்பாளர்' என்ற பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். பலகையைக் கழற்றுவதற்கு முன், பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் நான் அடித்த ஒரு கூத்தை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. படித்துவிட்டு என் மேல் இருக்கும் மரியாதை போனாலும் பரவாயில்லை. ரெக்கார்டிங்கை மட்டும் அன்றன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.

1. நியூஸ் வாசித்தவள்

எர்ணாவூரில் ஒரு கன்டெய்னர் யார்டு. பெயர் வேண்டாம், அவர்களும் பிழைக்க வேண்டும். அதன் நாலாம் கேட்டுக்கு வெளியே டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். உள்ளே போக டோக்கன் கிடைக்க ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும், சில சமயம் மூன்று நாளும் ஆகும். கேட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். நாலாம் கேட் அம்மன் என்று பெயர். பக்கத்தில் ஒரு டீக்கடை, ஒரு தண்ணீர்க் குழாய். மூன்றையும் பார்த்துக்கொண்டவர் அம்சா அக்கா. காலையில் அம்மனுக்கு விளக்கு, அப்புறம் பாய்லர், அப்புறம் குழாயடியில் சண்டை தீர்ப்பது, இதுதான் அவருடைய நாள்.

முதல் வருடம் முடிந்த மே மாத விடுமுறையில், ஆய்வேட்டுக்காக அங்கே போனேன். தலைப்பு: 'தொழிற்பகுதியில் எல்லைத் தெய்வ வழிபாடு'. நான் புளியந்தோப்புக்காரி. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம்தான் இருக்கும். அம்மனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் முதல் செமஸ்டர் பாடம். அதில் எண்பத்திரண்டு மார்க் வாங்கியிருந்தேன். அந்த மிதப்பில் போய் நின்றேன்.

நான் வீட்டில் பேசும் தமிழும் அம்சா அக்கா பேசும் தமிழும் ஒன்றுதான். ஆனால் ஆய்வாளர் என்றால் ஒரு தோரணை வேண்டாமா?

"வணக்கம். நான் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன். இந்த வழிபாட்டுத் தலத்தின் தோற்றம் குறித்துத் தங்களிடம் சில வினாக்கள் கேட்க விரும்புகிறேன்."

அக்கா கிளாஸ் கழுவிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாமா நியூஸ் வாசிக்கிற? எந்த ஏரியா நீ?"

"புளியந்தோப்பு."

"அப்பால இன்னாத்துக்கு இந்த சீனு? குந்து. டீ குடி. குடிச்சிகினே கேளு."

சம்மதக் கையெழுத்து வாங்கும் கன்சென்ட் ஃபார்மை நீட்டினேன். "இன்னா கேஸு இது?" என்றார். கேஸ் இல்லை, படிப்பு என்று புரியவைப்பதற்குள் இரண்டாவது டீயும் முடிந்துவிட்டது.

2. டிக்

என் கேள்வித்தாளில் நாற்பது கேள்விகள். எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து தயாரித்தவை. கோயில் எப்படி வந்தது என்பது மூன்றாவது கேள்வி.

"இங்க தண்ணிக்கு போர் போட்டாங்கோ. மண்ணு தோண்டறப்போ ஒரு கல்லு கெடச்சிச்சு. லாரிக்காரங்க மஞ்சா பூசி வெச்சிட்டாங்கோ. அவ்ளோதான்" என்றார் அக்கா.

'கல்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டேன். தண்ணீர், போர் எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை. பாடத்தில் கல்தான் இருந்தது.

பதினேழாவது கேள்வி: 'அம்மன் ஆண்டுதோறும் தன் எல்லையைச் சுற்றி வருவதுண்டா? ஆம் / இல்லை.' என் தலைப்பே எல்லைத் தெய்வம். அம்மன் எல்லை சுற்றவில்லை என்றால் என் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பே கிடையாது. அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று டிக் போட்டேன். அந்த டிக் எப்படி விழுந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அன்றைக்கு அது எனக்கே உறைக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய ரெக்கார்டிங்கை லேப்டாப்பில் போட்டு 'அம்சா அக்கா 1' என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததோடு சரி. டிரான்ஸ்கிரிப்ஷன் என்பது ஒரு மணி நேரப் பேச்சை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் எழுதும் வேலை. எம்.ஏ. மாணவர்கள் அதைத் தள்ளிப்போட்ட அளவுக்கு வேறு எதையும் தள்ளிப்போட்டதில்லை.

3. அம்மன் ரிவர்ஸில் போனாள்

ஆடி மாதம் அக்காவே போன் செய்தார். "ஞாயித்துக்கெயமை அம்மா எல்லை சுத்தப் போறா. வந்து போட்டோ புட்ச்சிக்கோ."

போய்ப் பார்த்தால், சரக்கைத் தூக்கி நகர்த்தும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று நிற்கிறது. அதன் முன்னால் நீட்டிய இரும்பு முட்களில், சரக்கு அடுக்கும் மரப் பேலட். பேலட்டில் வாழைக்கன்று, சாமந்தி மாலை, நடுவில் அம்மன். ஓட்டுபவர் யார்டில் வேலை பார்க்கும் காதர் பாய், வண்ணாரப்பேட்டைக்காரர். "ஞாயித்துக்கெயமை வண்டி சொம்மாத்தான கீது, எட்த்துக்கோன்னு சூப்ரவைசரே சொல்ட்டாரு" என்றார். இரண்டு டிரைவர்கள் தண்ணீர் கேனைக் கவிழ்த்துப்போட்டு மேளம் அடித்தார்கள்.

ஊர்வலம் கிளம்பியது. யார்டுச் சுற்றுவேலி முழுக்க, ஒரு அடிகூட விடாமல், காதர் பாய் வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டினார். ரிவர்ஸில் போனால் அந்த வண்டி பீப் பீப் என்று கத்தும். பீப் சத்தம், கேன் மேளம், குலவை, பின்பக்கமாகவே நகர்ந்து போகும் அம்மன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பக்தியால் இல்லை. ஆய்வேட்டு மகிழ்ச்சியால்.

மூன்றாம் அத்தியாயம் ஊற்றாகப் பொங்கியது. 'காலங்காலமாக நிகழ்ந்துவரும் இவ்வெல்லைச் சடங்கில்' என்று தொடங்கினேன். அம்மன் பின்னோக்கிச் செல்வதற்கு மட்டும் நான்கு பக்கம். இயந்திர உலகின் முன்னேற்றத்தைத் தெய்வம் தலைகீழாக்கிக் காட்டுகிறதாம். எங்கள் கைடு, துறைப் பேராசிரியர், கடுமையான மனிதர். அந்த நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு ஓரத்தில் 'அபாரம்' என்று எழுதினார். அவர் யாருக்கும் அப்படி எழுதிப் பார்த்ததில்லை. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

பொங்கல் அன்று அத்தியாயத்தின் ஒரு பிரதியை அம்சா அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து அம்மன் காலடியில் வைத்தார். என் எழுத்துக்கு அதற்குப் பிறகு அப்படி ஒரு மரியாதை கிடைக்கவே இல்லை.

4. சுண்ணாம்புக் கோடு

பிப்ரவரியில் அக்காவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

"யார்டுக்காரன் காம்பவுண்டு செவுரு கட்டப் போறானாம். சுண்ணாம்புல கோடு போட்டுட்டுப் போய்கீறான். கோயிலு, கடை எல்லாம் உள்ளார போவுது. இடிச்சிடுவானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"காலங்காலமா அம்மா எல்லை சுத்துற எடம், யூனிவர்சிட்டியில எய்தி வெச்சிக்கீறாங்கன்னு உன் பொஸ்தகத்தை எட்த்துக் காட்னேன். யார்டு எடத்தைப் பாத்துக்கற எஸ்டேட் ஆபீசரு வாங்கிப் பாத்தாரு. பயைய வயக்கம்னு ருஜு இருந்தா செவுத்தைத் தள்ளிப் போடச் சொல்லி மேல எய்தறேன்னாரு. வெள்ளிக்கெயமை வராரு. எய்துன மேடத்தையும் வரச் சொன்னாரு. வந்துடு கண்ணு. எனக்கு வேற போக்கிடம் இல்ல."

வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஆபீசர் ஆதாரம் கேட்டால் காட்ட வேண்டுமே என்று, அன்று மாலைதான் முதல்முறையாக 'அம்சா அக்கா 1' கோப்பைத் திறந்து எழுத உட்கார்ந்தேன். ஒன்பது மாதம் கழித்து. நாற்பதாவது நிமிடத்தில் பதினேழாம் கேள்வி வந்தது. எழுதியதை அப்படியே தருகிறேன்.

நான்: அம்மன் வருஷா வருஷம் எல்லை சுத்துவாளா அக்கா?

அக்கா: எல்லையா? இல்லியே. சொம்மா கூயு ஊத்துவோம், அவ்ளோதான்.

நான்: சுத்தவே மாட்டாளா? மத்த ஊர்ல எல்லாம் சுத்துவாளே. எல்லை அம்மன்னா சுத்தித்தானே ஆகணும்?

அக்கா: அப்டியா? சுத்தணுமா?

நான்: ஆமாக்கா. புத்தகத்துலயே இருக்கு.

அக்கா: அய்யய்யோ. அப்போ இத்தினி நாளா தப்பு பண்ணிகினு கீறோமா? செரி, சுத்திடலாம்.

நான்: அப்போ ஆம்னு போட்டுக்கறேன்.

ஹெட்போனைக் கழற்றி வைத்தேன். காலங்காலமாக நடந்துவரும் சடங்குக்கு வயது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதைத் தொடங்கி வைத்தவள் நான். அதற்கு ஆதாரமும் நான். அந்த ஆதாரத்தை நம்பித்தான் ஒரு பெண் தன் கோயிலையும் கடையையும் பணயம் வைத்திருக்கிறாள். இவ்வளவு வெட்கம் நான் அதற்கு முன்னால் பட்டதில்லை.

மறுநாள் கைடிடம் ஓடினேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"இதெல்லாம் சகஜம்மா. 'அண்மைக்கால வழக்கமெனினும் தொன்மையின் சாயல் கொண்டது'ன்னு ஒரு வரி சேர்த்துடு. எக்ஸ்டர்னல் எக்ஸாமினருக்குப் புரியாது. புரியாததை அவர் கேட்கவும் மாட்டார்."

"வெள்ளிக்கிழமை சார்?"

"அது உன் ஃபீல்டு. அங்கே நான் வரமுடியாது."

இப்போது நானும் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாற்காலிக்கு வந்துவிட்டேன். அதனால் அவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

5. வெள்ளிக்கிழமை

பொய் சொல்வது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். 'ஆமாம் சார், பழைய வழக்கம்' என்று ஒரே ஒரு வரி. கோயில் பிழைக்கும், கடை பிழைக்கும், என் பட்டமும் பிழைக்கும். யாருக்கு நஷ்டம்?

எஸ்டேட் ஆபீசர் நல்ல மனிதராகவே இருந்தார், அதுதான் கஷ்டம். நடுவயது. கையில் குங்குமம் அப்பிய என் அத்தியாயம். அதை ஒழுங்காகப் படித்திருந்தார், எங்கள் துறையில்கூட அவ்வளவு ஒழுங்காக யாரும் படித்ததில்லை. டிரைவர்கள் சிலர் சுற்றி நின்றார்கள். காதர் பாயும் டியூட்டி உடையோடு வந்திருந்தார்.

"மேடம், அம்மன் பின்னோக்கிப் போறதுக்கு நாலு பக்கம் விளக்கம் எழுதியிருக்கீங்க" என்றார் ஆபீசர். "காதர், நீங்கதானே ஓட்டினது? ஏன் ரிவர்ஸ்ல ஓட்டினீங்க?"

"முன்னால லோடு கண்ணை மறச்சா ரிவர்ஸ்லதான் சார் போவணும்" என்றார் காதர் பாய். "சேஃப்டி மீட்டிங்ல நீங்கதான் சார் சொன்னீங்கோ. மீறுனா மெமோ குடுப்பேன்னு."

டிரைவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்துவிட்டார். என் 'அபாரம்' அந்த இடத்திலேயே செத்தது.

"சரி, போன ஆடிக்கு முன்னாடி எந்த வண்டியில சுத்தினாங்க? யார் ஓட்டினா?"

காதர் பாய் அம்சா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார். தயார் செய்துகொண்டு வந்த அந்த ஒரு வரி வரவில்லை. நான் பேசாததைப் பார்த்து அக்கா ஒரு தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார்.

"சார், இந்தக் கற்பூரத்தை அடிச்சி சத்தியம் பண்றேன்..." என்று கையை ஓங்கினார்.

அந்தக் கல்லின் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. அக்காவுக்கு உண்டு. என் டிக்குக்காக அவர் தன் சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்யப் போகிறார். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாக்கா. சார், அது பழைய வயக்கம் இல்ல. ஒரே ஒரு வாட்டிதான் சுத்துச்சு. நான்தான் புக்ல கீதுன்னு சொல்லி சுத்த வெச்சேன். அக்கா மேல தப்பு இல்ல, எல்லாம் நான் பண்ண வேல."

நியூஸ் வாசிக்கும் தமிழ் எங்கே போனதென்று தெரியவில்லை. கற்பூரம் எரிந்து தானாக அணைந்தது.

"அறிவு கீதா உனக்கு?" என்றார் அக்கா. "வவுத்துல அடிச்சிட்டியேடி."

ஆபீசர் காகிதங்களை மூடினார். "சாரிம்மா. அப்போ கோடு போட்ட இடத்துலதான் சுவர் வரும்."

அக்கா அழுவார் என்று நினைத்தேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சண்டைக்கு நின்றார். "கட்டிக்கோ சார். நீ பெரிய ஆளு. இந்தப் பைப்பை எங்க வெப்ப, அதைச் சொல்லு."

"எந்தப் பைப்பு?"

"இன்னா எந்தப் பைப்பா? கோயிலு பின்னால கீதே, இதான். உன் கேட்டுல லோடு ஏத்திகினு மூணு நாளு நிக்கிறானே, அவன் இதுலதான் குடிக்கிறான், இதுலதான் குளிக்கிறான், இதுலதான் சோறு வடிக்கிறான். இதை உட்டா எண்ணூரு வரைக்கும் ஒரு சொட்டு கெடயாது. அம்மா எத்தினி வருசமா சுத்துறான்னு கேட்ட இல்ல, இவன் எத்தினி நாளா நிக்கிறான்னு ஒரு வாட்டி கேளேன்."

ஆபீசர் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. குழாய் போகப் போகிறது என்ற சேதி அதற்குள் லாரி லாரியாகப் பரவிவிட்டது. கேபின்களிலிருந்து டிரைவர்கள் இறங்கினார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேன். வெள்ளைக் கேன், எண்ணெய்க் கேன், கழுத்து வெட்டிய ஆசிட் கேன். யாரும் கோஷம் போடவில்லை. இருக்கும்போதே பிடித்து வைத்துக்கொள்வோம் என்று வந்தவர்கள் அவர்கள். குழாயிலிருந்து தொடங்கிய வரிசை கோயிலைத் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, கேட் வரைக்கும் போனது.

ஆபீசர் அந்த வரிசையைக் கடைசிவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இத்தனை பேரா?" என்று காதர் பாயிடம் கேட்டார். "இன்னிக்கு கம்மி சார்" என்றார் அவர்.

நான் ஒரு ஓரமாக நின்றிருந்தேன். நாற்பது கேள்விகள் கொண்டுபோனவள் நான். தண்ணீரைப் பற்றி அதில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவது கேள்விக்கே அக்கா பதில் சொல்லியிருந்தார், தண்ணீருக்குத் தோண்டியபோதுதான் கல் கிடைத்தது என்று. நான் கல்லுக்கு அடிக்கோடிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

6. பாஸ்

சுவர் எட்டு அடி உள்ளே தள்ளிப் போனது. கம்பெனிக் கடிதத்தை அக்கா பிறகு காட்டினார். 'ஓட்டுநர்களுக்கான குடிநீர் வசதியும் அதை ஒட்டிய அமைப்புகளும் பாதிக்கப்படாத வகையில்' என்று இருந்தது. அம்மனின் பெயர் எங்கும் இல்லை. அதிகாரபூர்வமாக அவள் குழாயை ஒட்டிய அமைப்பு.

ஆனால் அக்கா அதை எனக்குக் காட்டியது ஐந்து மாதம் கழித்து. அதுவரை என் போனை அவர் எடுக்கவில்லை. கேட்டுக்குப் போனபோது டீ கொடுத்தார், பேச்சுக் கொடுக்கவில்லை. அது எனக்கு வலித்தது. எந்த மார்க்கும் அப்படி வலித்ததில்லை.

மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். பதினேழாம் கேள்வியின் டிரான்ஸ்கிரிப்ட் முழுவதையும், என் பேச்சு உட்பட, அப்படியே சேர்த்தேன். கைடு தலையில் கைவைத்துக்கொண்டார். வாய்மொழித் தேர்வான வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்டார், "இது ஆய்வேடா, ஒப்புதல் வாக்குமூலமா?" இரண்டும்தான் சார் என்றேன். பாஸ் போட்டார்கள். பி கிரேடு. வகுப்பிலேயே கடைசி.

அந்த வருடம் ஆடியில் போன் வந்தது. "ஞாயித்துக்கெயமை அம்மா சுத்தப் போறா. வா."

"இன்னும் சுத்துறீங்களாக்கா? அதான் இல்லைன்னு ஆயிடுச்சே."

"நீ சொன்னா சுத்தணும், நீ சொன்னா நிறுத்தணுமா? அவுளுக்கு புட்ச்சிப்போச்சு. டிரைவருங்களுக்கும் புட்ச்சிப்போச்சு. மூணு நாளு சொம்மா நிக்கிறவனுக்கு ஒரு நாளு மேளம் அடிச்சா இன்னா கெட்டுப்போவுது?"

போனேன். பேலட்டில் அம்மன் தயாராக இருந்தாள். காதர் பாய் ரிவர்ஸ் கியரில் கை வைத்திருந்தார். அக்கா ஒரு தேங்காயை என் கையில் திணித்தார்.

"ஆரம்பிச்சவ நீதான. மொதல் தேங்கா நீ ஒட."

"எங்க வூட்ல சாமி கும்புடுற பயக்கம் இல்லக்கா."

"உன்னை யாரு கும்புடச் சொன்னா? ஒடைன்னுதான் சொன்னேன். தேங்கா ஒடைக்க கையி போதும்."

உடைத்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் முதலாண்டு மாணவி ஒருத்தி தன் ஃபீல்ட் ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். நாலாம் கேட் அம்மனைத்தான் எடுத்திருந்தாள். நான் யார் என்று அவளிடம் அக்கா சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அதில் ஒரு குஷி. ரிப்போர்ட்டின் ஆறாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இவ்விழாவில் முதல் தேங்காயை ஒரு பௌத்தப் பெண் உடைப்பது காலங்காலமாக நிகழ்ந்துவரும் மரபாகும்.' பக்கத்தில் அழகாக ஒரு டிக்.

சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: 'ரெக்கார்டிங்கை எடுத்துக்கொண்டு வா. முதலில் உன் குரலைக் கேட்போம்.'